குளோனிங்: அஞ்ச வேண்டாததும் அஞ்ச வேண்டியதும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவை அறையில் உராய்வு நேர்ந்து தொழிலாளர் கருகினர் என்னும் துயரச் செய்தி வரும்போதெல்லாம், குளோனிங் என்னும் விஞ்ஞான வித்தையால் புதுத் தோல் செய்து போர்த்திவிடலாமே என்ற ஆசையும், அது மனிதனையே பிரதியெடுக்கும் பாவமாயிற்றே என்ற அச்சமும் சேர்ந்தே எழுகின்றன. இரண்டையும் சற்று நிதானமாகப் பரிசீலிப்பது நலம்.

நம்பிக்கை: உறுப்புகளை அறுத்தெடுக்க நகல் மனிதனை வளர்ப்பதே சிகிச்சைக் குளோனிங்.

உண்மை: கருமுட்டையின் உட்கருவை நீக்கி, நோயாளியின் தோலணு ஒன்றின் உட்கருவை அதனுள் வைத்து, ஆய்வுக்கூடத்தில் ஐந்தாறு நாள் வளர்த்துக் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்களை) பிரித்தெடுப்பதே இம்முறை; கருப்பைக்கு இங்கே வேலையில்லை. மனிதப் பிரதியை உண்டாக்குவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் அறவே விலக்குகின்றன.

நம்பிக்கை: தீக்காயத்திற்கு இதுவே கதி.

உண்மை: குளோனிங் வழிவந்த தோல் எங்கும் வழக்கமான சிகிச்சையாக இல்லை; ஒருவரது சொந்தத் தோலணுக்களையே வளர்த்துப் பயன்படுத்தும் வழியை 1975இலேயே அமெரிக்காவில் ரைன்வால்டும் கிரீனும் திறந்துவிட்டனர். கண்ணின் கதை இன்னும் ஆறுதலானது. தீயோ இரசாயனமோ பட்டுக் கருவிழி விளிம்பின் குருத்தணுக்கள் அழிந்தால் கருவிழி வெளுத்துப் பார்வை மறையும். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையார் 2012இல் வெளியிட்ட முறையின்படி, நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் அளவு துணுக்கை எடுத்து, எட்டுப் பத்தாக நறுக்கி, காயமுற்ற கண்மீது விரித்த பனிக்குடச் சவ்வில் பதிக்கிறார்கள். அத்துணுக்குகளிலிருந்து பரவும் அணுக்களே கருவிழியை மூடித் தெளிவிக்கின்றன. இரு கண்களும் கெட்டவருக்கு எடுப்பதற்கு நல்ல விளிம்பில்லை. அத்தகையோருக்கு அவரவர் உட்கருவிலிருந்து பிறந்த குருத்தணுக்கள் உதவக்கூடும் என்பதே இவ்வாராய்ச்சியின் மெய்யான நன்மை.

நம்பிக்கை: இதை எதிர்ப்பது மதப்பற்றாளரின் பிடிவாதம் மட்டுமே.

உண்மை: கருவின் ஆரம்ப நிலையையும் உயிரென மதிப்போரின் மனக்கிலேசம் மரியாதைக்குரியது, ஆயினும் என் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. கருமுட்டை ஒரு பெண்ணின் உடலிலிருந்து, பல நாள் ஊசி மருந்தேற்றி, மயக்கத்தில் ஊசி செலுத்தி எடுக்கப்படுவது. மனிதக் கருவைக் குளோன் செய்து குருத்தணு பெற்றதாகக் கொரியாவின் ஹ்வாங் வூ-சுக் வெளியிட்ட கட்டுரைகள் பொய்யென 2006இல் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பொய்க்காகவும், அவரது ஆய்வுக்கூடத்தின் இளம்பெண்கள் உட்படப் பலரிடம் கருமுட்டை வாங்கப்பட்டிருந்தது. அது தூரதேசத்துக் கதை என்று தள்ளவும் வழியில்லை; 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் பலமுறை கருமுட்டை எடுக்கப்பட்ட வழக்கு, குழந்தைப்பேற்று மருத்துவத்தின் பெயரால், நம் மாநிலத்திலேயே வெளிப்பட்டது. வாரக் கூலியை நம்பிப் பட்டாசுக்குத் திரி செருகும் பெண்கள் நிறைந்த சிவகாசி வட்டாரத்தில், கடனைக் காட்டிக் கருமுட்டை கேட்கும் தரகன் வந்து நின்றால் மறுக்கும் வலிமை எத்தனை வீட்டில் உண்டு? செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம், கருமுட்டை அளிப்பவர் ஆயுளில் ஒரு முறைதான் அளிக்கலாம், ஏழுக்குமேல் எடுக்கலாகாது என்கிறது. ஆராய்ச்சிக்கும் இதற்குக் குறைந்த காவல் போதாது. முட்டையே இல்லாமல் தோலணுவைக் குருத்தணுவாக்கும் வழியை ஜப்பானின் யாமனாகா 2006இல் எலிகளிலும், அடுத்த ஆண்டு மனித அணுக்களிலும் காட்டியபின், முட்டை கேட்டு வரும் எந்த ஆராய்ச்சியாளரும் அவ்வழியால் ஆகாதது எதுவென்று முதலில் நிரூபிக்கக் கடமைப்பட்டவர்.