பெரியவர்களின் ஞாபகமும் ஒரு பேரேடு

வியாபாரிகளாகிய நாம் வருஷத்துக்கு ஒரு முறை சரக்கு இருப்பு எடுத்து ஐந்தொகை போட்டுப் பார்க்கிறோம். அலமாரியின் மூலையில் கிடக்கும் ஒரு கட்டு ஊதுபத்திக்குக் கூடக் கணக்கு உண்டு. ஆனால் வீட்டில் சாய்வு நாற்காலியில் இருக்கும் பெரியவரிடத்திலுள்ள இருப்பை நம்மில் எத்தனை பேர் எடுத்திருக்கிறோம்? அவர் மௌத்தான பிறகு, "கேட்டு வைத்திருக்கலாமே" என்பதில் பயனில்லை. எதைக் கேட்பது, கேட்டதை எப்படிச் சரிபார்ப்பது என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

ஏன் கேட்க வேண்டும்?

ஒருவர் மௌத்தானால் அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து அடக்கச் செலவும் கடனும் தீர்க்கப்பட்டு, வசிய்யத் நிறைவேறிய பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு உண்டு. வாரிசு என்பவர் அந்த மௌத்தின் நேரத்தில் உயிரோடு இருந்தவராக இருக்க வேண்டும். ஆகவே யார் முந்தி இறந்தார், யார் பிந்தி இறந்தார் என்பது பங்கையே மாற்றிவிடும்.

நம் முன்னோரில் ஊரில் ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமுமாக வாழ்ந்தவர்கள் உண்டு. இங்கே பிறந்த பிள்ளைக்கு ஊரிலுள்ள அண்ணன் பெயர் தெரியாது; ஊரிலுள்ள மகளுக்கு வாப்பாவின் கபர் எந்தப் பள்ளி மையவாடியில் இருக்கிறது என்று தெரியாது. இந்த விவரங்கள் பெரும்பாலும் பெரியவர்களின் நெஞ்சில்தான் இருக்கின்றன. அவர்கள் போனால் அவையும் போய்விடும்.

வயதுக் கணக்கு

"எனக்கு நூறு வயது" என்று ஒரு பெரியவர் சொன்னால், அது எந்தக் கணக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி வருஷத்துக்கு 354 நாள், சில வருஷம் 355. இங்கிலீஷ் வருஷத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. எனவே 33 ஹிஜ்ரி வருஷம் சுமார் 32 இங்கிலீஷ் வருஷமாகும். ஹிஜ்ரியில் நூறு வயதானவர் மற்றக் கணக்கில் 97 வயதினர். இரண்டும் சரியே, கலந்தால்தான் பிழை.

தமிழ் வருஷப் பெயர்களோ அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும். நமக்குப் பழக்கமான ஒரு பெரியவர், மளிகைக்கடை வைத்திருந்தவர், தாம் தாது வருஷம் தை மாதம் பிறந்ததாகச் சொல்வார். தம் பாட்டியாரும் தாது வருஷத்துப் பஞ்சத்தில் பிறந்தவர் என்பார். பேரப்பிள்ளைகள், "ஒரே வருஷத்தில் பாட்டியும் பேரனுமா?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. பாட்டியாருடையது 1876-ல் தொடங்கிய தாது. சென்னை ராஜதானியைப் பெரும் பஞ்சம் வாட்டிய வருஷம் அது. பேரனுடையது 1936-ல் தொடங்கிய தாது. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், அந்த தாதுவின் தை மாதம் 1937-ஆம் வருஷத்தில் விழும்.

அடையாளக் கார்டை மட்டும் நம்புவதும் சரியல்ல. மலாயாவில் 1948-ல் அவசர காலத்தில் கார்டு கொடுத்தபோது, பிறந்த பத்திரம் இல்லாதவர்கள் குத்துமதிப்பாகவே வயதைச் சொன்னார்கள்.

வருஷம் தெரியாதவரிடம் வருஷத்தைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். இராமநாதபுரம் பக்கத்தவரிடம், "தனுஷ்கோடி புயலின்போது ஊரில் இருந்தீர்களா, இங்கேயா?" என்று கேட்டால் 1964 டிசம்பர் தெரிந்துவிடும். பினாங்குக்காரரிடம் பழைய நோட்டின் மதிப்புக் குறைந்ததையும், அதை ஒட்டிய ஹர்த்தாலையும் கேட்டால் 1967 நவம்பர். "ரஜூலாவில் வந்தேன்" என்பது மட்டும் போதாது. 1926-ல் கட்டப்பட்ட அக்கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. யாரோடு வந்தார், பூலாவ் ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்தார்களா, கரை இறங்கியதும் யார் கடையில் தங்கினார் என்றும் கேட்க வேண்டும்.

சொல்லாத காலம்

பெரியவர்கள் அதிகம் பேசாத காலம் ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பர் 11-ல் பினாங்கில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை வருஷம் ஊருக்குக் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. சயாம் ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் கொண்டு போகப்பட்டனர், திரும்பாதவர் அநேகர்.

மேலே சொன்ன பெரியவரின் வாப்பா அப்போது மலாயாவில் இருந்தார். 1946-ல்தான் ஊர் திரும்பினார். "உம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்தால், வாப்பா பேசாமல் எழுந்து வெளியே போய்விடுவார்கள். ஏன் வாப்பா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சயாமுக்குப் போனார்களா, பினாங்கிலேயே இருந்தார்களா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது தம்பி" என்று அவர் நம்மிடம் சொன்னார். வாப்பா மௌத்தாகி அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. இனிக் கேட்க ஆளில்லை. சோற்றுக்குப் பதில் மரவள்ளியே உணவாக இருந்த காலத்தைக் கடந்தவர் அவர் என்பதை மட்டும் நாம் ஊகிக்கலாம்.

காகிதங்கள்

பெரியவரின் பெட்டியைத் துப்புரவு செய்கிறோம் என்று எதையும் வீசிவிடக் கூடாது. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு செல்லாக் காசுதான். ஆனால் அந்தக் காலத்தில் கொடுத்து வாங்கிய கடனை எப்படி மதிப்பது என்பதற்கு 1948-ல் தனிச் சட்டமே வந்தது. பற்று வரவு எழுதிய பழைய பேரேட்டில் க, உ, ங என்று தமிழ் இலக்கங்கள் இருக்கும். பெண்மக்களின் கடிதங்கள் அரபுத்தமிழில் இருக்கலாம். மதறஸாவில் ஓதியவருக்கு எழுத்துப் புரியும். மெதுவாக வாசித்தால் பொருளும் புரியும். இன்று கைப்பேசியிலேயே படம் பிடித்து வைக்கலாம். படத்தோடு யார் யாருக்கு எழுதியது என்பதையும் குறித்து வைப்பது அவசியம்.

கேட்கும் முறை

1. ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது. அஸருக்குப் பின் ஒரு தேநீரோடு கால் மணி நேரம் போதும்.

2. அவர் தவறாகச் சொன்னாலும் முகத்துக்கு முன் திருத்தக் கூடாது. சொன்னபடியே எழுதி, பிறகு இன்னொரு பெரியவரிடம் விசாரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும்.

3. பெண்மக்களை மறக்கக் கூடாது. யாருக்கு யார் பால் கொடுத்தார், எந்தப் பிள்ளை எந்த நோன்பில் பிறந்தது என்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும்.

4. கொடுக்கல் வாங்கல், பிறர் வைத்த அமானிதம் பற்றிச் சொன்னால் பெயரும் தொகையும் அன்றே எழுதி, அவர் உயிரோடு இருக்கும்போதே தீர்த்துவிட வேண்டும்.

5. மானம் சம்பந்தப்பட்டதை நம்பிச் சொன்னால் அதைப் பரப்பக் கூடாது. உரிமைப்பட்ட பிள்ளை ஒருவர் அதனால் விடுபட்டுப் போவதாயிருந்தால், அதை எழுதி வைக்கும்படி பெரியவரிடமே பணிவாகச் சொல்ல வேண்டும்.

சகோதரர்களே! வராக்கடனுக்குக் கூட நாம் பல தடவை நடக்கிறோம். வீட்டுக்குள் இருக்கும் இந்த வரவுக்கு நாலு அடி நடந்தால் போதும். இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் பெரியவரின் பெயரையும், அவருடைய உம்மா, வாப்பா பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். பாக்கிப் பக்கங்கள் தாமாக நிறையும்.