பறக்கும் யானையும் ஐந்து காகங்களும்

நுழையும்முன்

சிறுவயதில் கண்டு மகிழ்ந்த திரைப்படத்தை வளர்ந்தபின் மீண்டும் காணும்போது, அன்று கண்ணில் படாதவை இன்று புலப்படுவதுண்டு. படம் மாறுவதில்லை, பார்ப்பவரின் அறிவு வளர்ந்திருக்கிறது. 'டம்போ' என்னும் அமெரிக்க அசைவூட்டப் படத்தை முன்வைத்து அவ்வனுபவத்தை ஆராய்கிறது இப்பாடம்.

தாயும் சேயும்

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1941ஆம் ஆண்டு வெளியிட்ட 'டம்போ', 64 நிமிடமே ஓடும் சிறிய படம். சர்க்கஸ் யானை ஒன்றுக்குப் பெருங்காதுகளுடன் குட்டி பிறக்கிறது. உடனிருக்கும் யானைகளே அதனைப் பழித்து ஒதுக்குகின்றன. குட்டியைச் சீண்டிய சிறுவனைத் தாய் அடித்துவிட, அதற்கு வெறிபிடித்துவிட்டதென்று கூறிக் கூண்டு வண்டியில் பூட்டுகின்றனர். இரவில் குட்டி அவ்வண்டியை நாடி வருகிறது. கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருப்பதால் தாயால் சாளரத்தை நெருங்க இயலவில்லை. கம்பிகளுக்கிடையே துதிக்கையை மட்டும் நீட்டி, அதிலேயே குட்டியை ஏந்தித் தாலாட்டுகிறது. படம் முழுவதிலும் குட்டி ஒரு சொல்லும் பேசுவதில்லை. உருவத்திற்காக ஓர் உயிரை எள்ளி நகையாடுவது எத்துணைக் கொடிது என்பதை, அறிவுரை ஏதுமின்றிக் குழந்தையின் நெஞ்சில் பதிப்பது இக்காட்சி. அசைவூட்டக் கலை எட்டிய உயரங்களுள் இதுவும் ஒன்று.

முகமற்ற தொழிலாளர்

இக்காட்சிக்கு முன்னரே வேறொரு மழைக்காட்சி வந்து போகிறது. நள்ளிரவில் சர்க்கஸ் கூடாரத்தை எழுப்புகின்றனர் கறுப்பினத் தொழிலாளர்கள். யானைகளும் அவர்களோடு இழுக்கின்றன, கழி நடுகின்றன. மின்னல் ஒளியில் கயிறும் துணியும் உடலும் ஒன்றாக அசையும் அவ்வோவியம் வியப்பூட்டுவது. ஆயின், அத்தொழிலாளர் ஒருவருக்கும் கண்ணும் மூக்கும் வரையப்படவில்லை. தாங்கள் எழுதப் படிக்கக் கற்றதில்லை என்றும், பெற்ற கூலியை வீசியெறிந்துவிடுவோம் என்றும் அவர்கள் மகிழ்ந்து பாடுவதாகப் பாடல் அமைந்துள்ளது. ஒரு யானைக்குட்டியின் இமையசைவைக்கூடப் பொறுமையுடன் தீட்டிய கைகள், மனிதருக்கு முகம் தர மறந்தன. மறதி என்பதும் பொருத்தமான சொல்லன்று. அக்காலத் திரையுலகின் வழக்கமே அது.

காகத்தின் பெயர்

டம்போ பறப்பதற்குத் துணைநிற்பவை ஐந்து காகங்கள். மரக்கிளையில் உறங்கிக்கிடந்த யானையைக் கண்டு அவை முதலில் நகைக்கின்றன. டம்போவின் தோழனாகிய சுண்டெலி, தாயைப் பிரிந்த அதன் துயரத்தை எடுத்துரைத்ததும் மனமுருகிக் கண்ணீர் வடிக்கின்றன. பின்னர் ஓர் இறகைக் கொடுத்து, அதனைப் பற்றிக்கொண்டால் பறக்கலாம் என்று நம்பவைக்கின்றன. டம்போ பறக்கிறது. குழந்தைகள் கைதட்டி ஆர்ப்பரிக்கும் இடம் இதுவே.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. அக்காகங்களின் பேச்சுநடை, தொப்பி, சுருட்டு, வேலையின்றிப் பொழுதுபோக்கும் இயல்பு ஆகிய யாவும், கறுப்பினத்தவரைப் பற்றி வெள்ளையர் மேடைகள் நெடுங்காலம் வளர்த்த கேலிச்சித்திரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. தலைமைக் காகத்திற்குப் படக்குழுவினர் இட்ட பெயர் 'ஜிம் குரோ'. படத்தில் அப்பெயர் ஒலிப்பதில்லை. அதன் வரலாறோ நீண்டது. 1830ஆம் ஆண்டையொட்டித் தாமஸ் ரைஸ் என்னும் வெள்ளை நடிகர், முகத்தில் கரிபூசி ஆடிய கோமாளிப் பாத்திரத்தின் பெயர் அது. பின்னாளில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரைப் பள்ளியிலும் தொடர்வண்டியிலும் பிரித்து வைத்த சட்டங்களுக்கும் அதுவே பெயராயிற்று. 'டம்போ' வெளியானபோது அச்சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. தென்மாநிலத் திரையரங்குகள் பலவற்றில் கறுப்பினத்தவர் மேல்மாடத்தில் தனியே அமர்த்தப்பட்டனர். அம்மாடத்தில் அமர்ந்து இப்படத்தைப் பார்த்த சிறுமியும் டம்போவுக்காக அழுதிருக்கக்கூடும். ஆனால், திரையில் தன்னவர் எனக் காட்டப்பட்டோர் முகமற்ற கூலியாட்களும் சுருட்டுப் புகைக்கும் காகங்களுமே.

காகங்களுக்காக வாதிடவும் இடமுண்டு. பெருமை பேசும் யானைகள் கைவிட்ட குட்டிக்கு இரங்குபவை அவையே. படத்தில் எவருக்கும் அடிமைப்படாதவையும் அவையே. இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. எனினும், இரக்கம் நிறைந்த பாத்திரம் என்பதால் கேலிச்சித்திரம் கேலிச்சித்திரம் அல்லாமற் போய்விடாது.

அறிவிப்பும் நீக்கமும்

டிஸ்னியின் பிற படங்களும் இக்குறைக்கு விலக்கல்ல. 'பீட்டர் பேன்' (1953) அமெரிக்கப் பழங்குடியினரையும், 'லேடி அண்ட் த டிராம்ப்' (1955) சயாமியப் பூனைகளின் வாயிலாக ஆசிய மக்களையும் நகைப்புக்குரியோராக்கின. 2020ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் தன் இணையத் திரைத்தளத்தில் இத்தகைய படங்களின் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பை வைத்தது. இச்சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்றும், அவற்றை நீக்குவதைவிட அவற்றின் தீமையை ஒப்புக்கொண்டு உரையாடலைத் தூண்டவே விரும்புவதாகவும் அது கூறியது.

2019ஆம் ஆண்டு டிம் பர்ட்டன் இயக்கத்தில் வெளியான புதிய 'டம்போ'வில் அக்காகங்களே இல்லை. கேலிச்சித்திரம் நீங்கியது; அவற்றோடு யானைக்கு நம்பிக்கையூட்டிய அக்கூட்டமும் அதன் துள்ளல் மிக்க பாடலும் நீங்கின. பழைய படத்தின் அப்பாடலைக் கூர்ந்து கேட்போருக்கு இரு வகைக் குரல்கள் ஒலிக்கும். தலைமைக் காகத்திற்குக் குரல் கொடுத்தவர் கிளிஃப் எட்வர்ட்ஸ் என்னும் வெள்ளையர். அவரைச் சூழ்ந்து பாடுவோர், கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களை உலகறியச் செய்த ஹால் ஜான்சன் பாடகர் குழுவினர்.