கொல்லிமலை போகிறீர்களா? பயனுள்ள குறிப்புகள்

1. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் வாந்தி எடுப்பவர்கள் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன்பக்க இருக்கை பிடியுங்கள். பார்வை சாலையில் இருக்கட்டும், கைபேசியில் வேண்டாம். மாத்திரை போடுவதானால் அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். குமட்டல் தொடங்கியபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வண்டி ஓட்டுபவர் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது, தூக்கம் வரும்.

2. சொந்த வண்டியா? இறங்கும்போதும் ஏறிய அதே கியர்தான். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது வீண் வம்பு. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பிரேக் கருகும் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

3. ஆகாய கங்கை சுமார் 300 அடி உயர அருவி. அறப்பளீசுவரர் கோயில் பக்கமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது விளையாட்டுப்போல இருக்கும். திரும்பி ஏறும்போதுதான் தொடை நடுங்கும். காலையிலேயே போய்விடுங்கள். ஜீன்ஸ் போட்டுக் குளித்தால் ஈரத்தோடு ஏறுகையில் தொடை உரசிப் புண்ணாகும். லேசான மாற்றுடையும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கைகொடுக்கும். பையைத் தோளில் மாட்டுங்கள். கையில் பிஸ்கட் பொட்டலம் தெரிந்தால் குரங்கு கேட்டு வாங்காது, பிடுங்கிக்கொள்ளும். உப்பு, சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில் போதும். மூட்டுவலிக்காரர்கள் வீம்புக்கு இறங்காமல் மாசிலா அருவிக்கோ 'நம்ம அருவி' என்ற அருவிக்கோ போகலாம்.

4. கனமழை என்றால் அருவிக்குப் போகும் வழியை வனத்துறை அடைத்துவிடும். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

5. மிளகு, மலை வாழைப்பழம், அன்னாசி எல்லாம் சோளக்காட்டுச் சந்தையில். முடவாட்டுக்கால் கிழங்கும் கிடைக்கும். மேலே உள்ள ரோமத்தைச் சுரண்டிக் கழுவி, நசுக்கி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவிட்டால் ஆட்டுக்கால் சூப் வாசம். மூட்டுவலி தீரும் என்பார்கள். எனக்கு அந்தக் குளிருக்கு இதமாக இருந்ததே போதும். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், காற்றாட வையுங்கள். கடையில் வாங்குங்கள், காட்டில் போய்ப் பெயர்த்தெடுக்க வேண்டாம்.

6. ஆடி 17, 18 இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு விழா. கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாள் பாருங்கள்.

7. கையில் சில்லறையும் ரொக்கமும் இருக்கட்டும். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. இரவு தங்குவதானால் ஸ்வெட்டரோடு டார்ச் ஒன்றும் வேண்டும்.