பொத்தானை அழுத்தும் முன்

பள்ளிக்கென ஓர் இணையதளத்தை வடிவமைக்க எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு நான்கு பாடவேளைகள் போதுமானவையாக இருந்தன. அதை ஊரார் பார்க்கும்படி வெளியிடுவதற்கு ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வாரங்களில் தமிழ்ப் பாடமும் கணக்கும் குடிமையியலும் எப்படி உள்ளே வந்தன என்பதைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். நான் தமிழாசிரியர். கணினி எனக்குத் தட்டச்சு அளவில்தான் தெரியும். இந்தப் பணிக்கு அது தடையாக இல்லை.

தளம் அமைக்கும் செயலியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இலவசமாகவே பல கிடைக்கின்றன. படத்தை இழுத்து வைப்பதும் பக்கங்களை இணைப்பதும் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் உட்கார்ந்த முதல் நாளே மாணவர்களுக்குக் கைவந்துவிட்டன. ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். ஒவ்வொரு பக்கத்தின் அச்சுப் படியிலும் பொறுப்பாளர்கள் கையெழுத்திடும் வரை ‘வெளியிடு’ என்ற பொத்தானை யாரும் தொடக்கூடாது.

யார் படிக்கப் போகிறார்கள்?

முதல் வரைவின் முகப்பில் ‘வருக வருக’ என்ற எழுத்து நகர்ந்து ஓடியது. அதன்கீழ் பள்ளி வரலாறு, தலைமையாசிரியர் உரை, ஆண்டு விழாப் படங்கள். மாணவர்கள் பார்த்திருந்த பிற பள்ளிகளின் தளங்கள் அப்படித்தான் இருந்தன. குறை எதுவும் சொல்லாமல் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டிலும் தெருவிலுமாக ஐந்து பேரிடம், ‘நம் பள்ளியைப் பற்றி நீங்கள் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவர வேண்டும். பேச்சுத்தமிழைத் திருத்தக்கூடாது.

“ஆறாவது சேக்க என்னென்ன பேப்பர் கொண்டாரணும்?” “டீசி வாங்க எப்ப வரலாம்?” “சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சா பஸ்ஸு இருக்கா?” “இங்கிலீஷ் மீடியம் உண்டா?” “போன் நம்பர் சொல்லு தம்பி.” இப்படித்தான் வந்தன. வரலாற்றைக் கேட்டவர் ஒரே ஒருவர், பணி ஓய்வு பெற்ற தபால்காரர். தலைமையாசிரியர் உரையை யாரும் கேட்கவில்லை. எங்கள் தலைமையாசிரியர் பட்டியலைப் படித்துச் சிரித்துவிட்டு, தம் உரையைத் தாமே எடுத்துவிடச் சொன்னார். முகப்புப் பக்கம் அந்தக் கேள்விகளின் வரிசையிலேயே புதிதாக அமைந்தது.

விடைகளை எழுதத் தொடங்கியதும் மொழி மாறிவிட்டது. “மாற்றுச் சான்றிதழ் பெற விழையும் பெற்றோர்கள் உரிய விண்ணப்பத்தினைச் சமர்ப்பித்து அலுவலக நேரத்தில் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” இலக்கணப் பிழை இல்லை. ஆனால் எந்த விண்ணப்பம், எங்கே கிடைக்கும், எத்தனை மணிக்கு வரலாம் என்ற மூன்றுக்கும் இதில் விடையில்லை. கேட்டுக்கொள்வது யார் என்பதும் தெரியவில்லை. செய்வினை, செயப்பாட்டுவினை பாடத்தை நான் அன்றைக்கே நடத்தினேன். செயப்பாட்டுவினையில் ஆள் எப்படி மறைந்துகொள்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பாடநூலுக்குக் கிடைக்காது. மாணவர்கள் திருத்தியது: “டீசி வேண்டுமா? பள்ளி வேலை நாள்களில் காலை 10 மணிமுதல் மாலை 4 மணிக்குள் அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் அங்கேயே தருவோம்.”

யார் சொன்னது?

அடுத்து, எல்லாப் பக்கங்களையும் வலப்பக்கம் அகன்ற ஓரம் விட்டு அச்சிட்டோம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது யார் சொன்ன செய்தி என்று எழுத வேண்டும். ‘எல்லாருக்கும் தெரியும்’, ‘இணையத்தில் இருந்தது’ என்ற விடைகள் செல்லாது. இந்த ஆறு வாரங்களில் மிகுந்த பயன் தந்தது இந்தச் செயல்பாடுதான். பேருந்து நேரம் பழையது என்று தெரிந்தது. அலுவலக நேரம் இளநிலை உதவியாளரிடம் கேட்டு உறுதியானது. பிறகு ஒரு வரியில் நின்றோம்.

“சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் கட்டாயம். இல்லாதவர்களுக்குச் சேர்க்கை இல்லை.” எதிரே, ‘வேறொரு பள்ளியின் தளத்தில் இருந்தது’ என்று ஒரு மாணவர் நேர்மையாக எழுதியிருந்தார்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை வகுப்புக்குக் கொண்டுசென்றேன். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக்கூடாது என்கிறது பிரிவு 14. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது பிரிவு 5. இவை எட்டாம் வகுப்பு வரைக்குமான தொடக்கக் கல்விக்குப் பொருந்துபவை. எங்கள் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் இருக்கின்றன.

எங்கள் ஊரைச் சுற்றிச் செங்கல் சூளைகள் உண்டு. பொங்கலை ஒட்டி வேறு மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து இறங்கும். தாள் எதுவும் கையில் இராது. மாணவர்களிடம் இப்படிக் கேட்டேன்: ‘சூளையில் வேலை செய்யும் ஓர் அம்மா, தெரிந்தவர் ஒருவரிடம் போனில் நம் தளத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார். அவர் இந்த வரியைப் படித்துக் காட்டுகிறார். பிறகு என்ன நடக்கும்?’ அந்த அம்மா பள்ளி வாசலுக்கே வரமாட்டார். அவர் வராமல் போனது நமக்குத் தெரியவும் தெரியாது. வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் கேட்க யாராவது இருப்பார்கள். திரையைப் பார்த்துத் திரும்பிப் போனவருக்காக யார் பேசுவது?

அப்படி நடு ஆண்டில் வந்து சேர்ந்த மாணவி ஒருத்தி அந்த வகுப்பிலேயே இருந்தாள். விவாதத்தில் அவள் பேசவில்லை. மறுநாள் மாற்று வரியை எழுதிக்கொண்டு வந்தாள்: “சான்றிதழ் கையில் இல்லை என்றாலும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வாருங்கள். 8ஆம் வகுப்பு வரை, எந்த மாதமானாலும் சேர்த்துக்கொள்வோம்.” ‘எந்த மாதமானாலும்’ என்பதை நான் சொல்லித்தரவில்லை. ‘யார் சொன்னது?’ என்ற விதி அவளுக்கும் பொருந்தும் என்பதால் சட்டத்தை மீண்டும் புரட்டினோம். சேர்க்கைக்காலம் முடிந்து வந்தாலும் மறுக்கக்கூடாது என்று பிரிவு 15 சொல்கிறது. தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தில்தான் முதல் கையெழுத்தைப் போட்டார். அந்த வரியை முகப்பிலேயே வைத்தோம்.

எழுத்தும் எடையும்

பள்ளியின் பழைய அறிவிப்புகளைத் தட்டச்சுக் கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டியபோது கைபேசியில் தமிழே வரவில்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்கள்தாம். மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் போர்வை நழுவிவிடும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. எனினும் பள்ளிகளின் கணினிகளில் பழைய கோப்புகள் இன்னும் உண்டு. என்.எச்.எம். போன்ற இலவச மாற்றிகளால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம்.

மாற்றியபின்பும் கண்ணுக்குத் தப்பும் பிழைகள் இருக்கும். ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்து ஔ என்னும் ஒரே எழுத்து. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து ‘ஒளவையார்’ ஆக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ரகரம் அடிப்பதும் அப்படியே. இவற்றைப் பிடிக்க நாங்கள் கண்ட வழி, கைபேசியின் திரை வாசிப்பானை இயக்கிப் பக்கத்தை வாசிக்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது. ‘காலை’ என்பது ‘கரலை’ என்று ஒலித்ததும் வகுப்பே சிரித்தது. அதே நேரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. சுற்றறிக்கையைப் படமெடுத்து அப்படியே ஏற்றியிருந்த பக்கத்தில் வாசிப்பான் ‘படம்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. பார்வையற்ற பெற்றோர் ஒருவருக்கு அது வெற்றுத்தாள். அறிவிப்புகள் அனைத்தையும் எழுத்தாகவே மறுபடி அடித்தோம். படங்களுக்கு ஒரு வரி விளக்கம் சேர்த்தோம். வெள்ளையில் மஞ்சள் எழுத்து வேண்டும் என்று அடம்பிடித்தவர்களை வெயிலில் நிற்கவைத்துக் கைபேசியில் படிக்கச் சொன்னதும் அந்தப் பேச்சு முடிந்தது.

படங்களின் எடை, கணக்காசிரியர் எடுத்துக்கொண்ட பகுதி. கைபேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். நொடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் ஒரு படம் வர 32 நொடி ஆகும். முகப்பில் 12 படங்கள் என்றால் 384 நொடி, அதாவது 6 நிமிடம் 24 நொடி. அதே படத்தை 200 கிலோபைட்டுக்குக் குறைத்தால் 1.6 நொடி. இதைக் கரும்பலகையில் போட்ட பிறகு, படங்களைக் குறைக்கச் சொல்லி நான் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

படத்தில் இருப்பவர்கள்

2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதில் நமக்குத் தயக்கம் இருக்கத்தான் வேண்டும். முகம், பெயர், வகுப்பு, ஊர் நான்கும் ஒரே பக்கத்தில் கிடைத்தால், அந்தக் குழந்தையைத் தேடி வருபவருக்கு வேறெதுவும் தேவையில்லை. சில கைபேசிகள் படம் எடுத்த இடத்தையும் படத்துக்குள்ளேயே பதிந்துவைக்கின்றன.

பெற்றோருக்கு எளிய தமிழில் ஒரு கடிதம் அனுப்பினோம். பெரும்பாலோர் கையெழுத்திட்டார்கள். ஒரு தாய் நேரில் வந்து, “எம் பொண்ணு படம் மட்டும் வேண்டாங்க சார்” என்றார். காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்தப் பெண் வட்டார ஓட்டப் பந்தயத்தில் முதலிடம் பெற்றவள். கோப்பையோடு அவள் நிற்கும் படம்தான் எங்களிடம் இருந்த படங்களில் சிறந்தது. ‘முகத்தை மட்டும் மறைத்துவிடலாமா?’ என்று மாணவர்கள் கேட்டார்கள். மங்கலாக்கிப் பார்த்தோம். பின்னலையும் நிற்கும் விதத்தையும் பார்த்தே எல்லோரும் அவள் பெயரைச் சொன்னார்கள். அதோடு அந்தப் படம் போயிற்று. பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: யாருடைய முகமும் வேண்டாம். ஓடுதளக் கோட்டில் நிற்கும் கால்கள், மண்ணில் விதை ஊன்றும் கைகள், கரும்பலகையை நோக்கிய முதுகுகள் என்று புதிதாக எடுத்தார்கள். கையெழுத்திட்ட பெற்றோர் சிலருக்கு இதில் வருத்தம்தான். மதிப்பெண் பட்டியல், எமிஸ் எண், மாணவர்களின் வீட்டுக் கைபேசி எண் ஆகியவற்றைப் பற்றி விவாதமே வைக்கவில்லை. அவை தளத்தில் இருக்கக்கூடாது.

வாய் திறக்காமல் பார்ப்பது

இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன், ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் பயன்படுத்திப் பார்த்தால் போதும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். ஐந்து பேரை அழைத்தோம். அவர்களில் சத்துணவு அமைப்பாளரும் ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவரின் தாத்தாவும் உண்டு. வேலை சிறியது: ‘பள்ளியின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடியுங்கள்.’ மாணவர்களுக்கு விதி கடுமையானது: கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், வாய் திறக்கக்கூடாது. தாத்தா மூன்று கோடுகள் போட்ட குறியைத் தொடவே இல்லை. பள்ளியின் பெயரையே திரும்பத் திரும்ப அழுத்தினார். ‘இங்க தாத்தா’ என்று சொல்லத் துடித்த பேரனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று மாலையே ‘தொடர்புக்கு’ என்பது ‘தொலைபேசி எண்’ ஆனது. பள்ளிப் பெயருக்குக் கீழேயே எண்ணும் வந்தது.

மாணவர்கள் சலித்துக்கொண்ட ஒரு நாளில் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னேன். அந்நாட்டு அரசு மருத்துவக் காப்பீட்டுக்காகப் பெரும் செலவில் அமைத்த இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. முதல் நாளில் முழுமையாகப் பதிவு செய்ய முடிந்தவர்கள் 6 பேர். எல்லாப் பகுதிகளையும் ஒன்றாக இணைத்துச் சோதிக்கும் வேலை கடைசி இரண்டு வாரங்களில்தான் நடந்தது என்று ஒப்பந்த நிறுவனங்கள் பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லின. ‘நம்ம தாத்தாவைக் கூப்பிட்டிருக்கலாம் சார்’ என்றான் பேரன்.

நிர்வாகத் தரப்பில் இரண்டு செய்திகளைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது. தளத்தின் கணக்கு எந்த ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலிலும் இருக்கக்கூடாது. மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் ஆசிரியரோடு தளமும் போய்விடும். எங்கள் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் தலைமையாசிரியரின் பீரோவில் இருக்கிறது. மற்றொன்று, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி. மாதத்தின் முதல் வேலை நாளில் இரண்டு மாணவர்கள் ‘யார் சொன்னது?’ தாளோடு அலுவலகத்துக்குப் போய்வருகிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்த நாளில் தளத்தை வெளியிட்டோம். எட்டுப் பக்கங்கள் திட்டமிட்டிருந்தோம், ஏழுதான் வெளிவந்தன. பழைய தபால்காரர் கேட்ட வரலாற்றுப் பக்கம் இன்னும் கையெழுத்தாகவில்லை. பள்ளி தொடங்கிய ஆண்டாகக் கட்டடத்தின் கல்வெட்டில் ஒன்றும் சேர்க்கைப் பதிவேட்டில் வேறொன்றும் இருக்கின்றன. அவரிடமே போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் மூன்றாவதாக ஓர் ஆண்டைச் சொல்லியிருக்கிறார்.