விரல் நுனிக்கு மட்டும் சுவர்

ஐஸ் ரிங்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் பழக வருகிறவர்களுக்குச் சுவரைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். ‘சுவரை விடு, அதைப் பிடித்துக்கொண்டே இருந்தால் எந்தக் காலத்திலும் வராது’ என்பது ஒன்று. ‘புது மூவ் எதுவானாலும் முதலில் சுவரோரம் போய்ப் பிடித்துக்கொண்டு செய்து பார்’ என்பது மற்றொன்று. ஒரே பயிற்சியாளர் ஒரே வகுப்பில் இரண்டையும் சொல்வதுண்டு. கேட்பவருக்குக் குழப்பம்தான் மிச்சம். வளர்ந்த பிறகு இந்தக் கலைக்குள் வந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் குழப்பம் இன்னும் அதிகம். விழுவதற்குக் குழந்தைகளைவிட நாம் கூடுதலாக அஞ்சுகிறோம், சாக்குக் கிடைத்தால் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறோம். பழகியதிலிருந்தும் யோசித்ததிலிருந்தும் நான் வந்து சேர்ந்த முடிவு இது: இரண்டு அறிவுரைகளும் சரிதான், ஆனால் இரண்டும் வெவ்வேறு வகை மூவ்களுக்குப் பொருந்துபவை. சில மூவ்களில் கடினமெல்லாம் உடல் எடுக்க வேண்டிய வடிவத்தில் இருக்கிறது. வேறு சிலவற்றில் ஓடும்போது உடல் சாய வேண்டிய சாய்வில் இருக்கிறது. வடிவத்தைக் கற்கச் சுவர் நல்ல துணை. சாய்வைக் கற்க அது உதவாது. போதாக்குறைக்குத் தவறான சாய்வைப் பழக்கியும் விடும்.

காரணம் பிளேடின் அமைப்பிலேயே இருக்கிறது. ஃபிகர் ஸ்கேட்டின் பிளேடு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நீளவாக்கில் நடுவே மெல்லிய பள்ளம் விழும்படி சாணை பிடித்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு பிளேடுக்கும் இரண்டு விளிம்புகள், காலின் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. உடல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து விளிம்பு மட்டும் பனியைக் கவ்வும், பிளேடு வளைந்து ஓடும். இந்த வளைவு ஓட்டத்தின் மேல்தான் திருப்பங்களும் தாவல்களும் சுழற்சிகளும் கட்டப்படுகின்றன. 1990 வரை உலகப் போட்டிகளில் இருந்த கட்டாய ஃபிகர்களில், ஸ்கேட்டரின் உயரத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு விட்டமுள்ள வட்டங்களை ஒற்றைக் காலில் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அந்த வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 2.4 மீட்டர். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அதில் போனால் உடல் சுமார் 10 டிகிரி வட்டத்தின் உட்பக்கமாகச் சாய வேண்டும். வேகம் 3 மீட்டரானால் 21 டிகிரி. சைக்கிளில் வளைவு திரும்பும்போது சாய்கிற அதே கணக்குத்தான்: சாய்வைத் தாங்குவது ஓட்டம். ஓட்டம் நின்றால் அந்தச் சாய்வு வெறும் விழுகை. சுவரைப் பிடித்து நின்றுகொண்டு 10 டிகிரி சாய்கிறவரைத் தாங்குவது அவர் கைதான். கை தாங்கிய சாய்வைக் கால் கற்றுக்கொள்வதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. பெரும்பாலான ரிங்குகளில் பொது நேரத்தில் எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றுவார்கள். அப்படிச் சுற்றும்போது ரிங்கின் நடுப்பகுதி இடக்கைப் பக்கம் இருக்கும், சுவர் வலக்கைப் பக்கம். முனைகளில் வளைவதற்கு இடப்பக்கம் சாய வேண்டும். சுவரைப் பற்றியவரோ வலப்பக்கம் சாய்கிறார். வலது இடுப்பு சுவரை நோக்கித் தள்ளுகிறது, வலது தோள் உயர்கிறது, எடையில் ஒரு பங்கு கைக்குப் போய்விடுகிறது. வலது காலில் வெளிவிளிம்பும் இடது காலில் உள்விளிம்பும் பனியைத் தொடுகின்றன. வளைவுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. இப்படிப் பல சுற்றுகள் போனவர் சுவரை விட்ட மறுகணம் தடுமாறினால் அதைத் துணிச்சலின்மை என்று சொல்லிவிடுகிறோம். அவர் உடல் எதிர்த்திசைச் சாய்வை நன்றாகவே கற்றிருக்கிறது என்பதுதான் உண்மை. வெறுமனே ஓடப் பழகுவதற்கும், விளிம்பு ஓட்டத்துக்கும், ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து வளையும் கிராஸ்ஓவருக்கும் சுவரோரம் ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான். ‘சுவரை விடு’ என்ற அறிவுரை இந்த இடத்தில் முழுக்கச் சரி.

வடிவம் சார்ந்த மூவ்களில் நிலைமை வேறு. ஸ்ப்ரெட் ஈகிளை எடுத்துக்கொள்வோம். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரயன் பாய்ட்டானோவை நினைத்தாலே நினைவுக்கு வரும் மூவ் அது. இரண்டு குதிகால்களும் ஒன்றையொன்று பார்க்க, பாதங்கள் எதிரெதிர்த் திசையில் விரிந்து ஒரே கோட்டில் ஓட வேண்டும். இதில் முதல் கேள்வி, இடுப்பு மூட்டு அவ்வளவு வெளியே திரும்புமா என்பதுதான். அது ஆளுக்கு ஆள் மாறும். எலும்பின் அமைப்பே சிலருக்கு இடம் கொடுக்காது. நடு ரிங்கில் ஓடிக்கொண்டே இந்தக் கேள்விக்கு விடை தேடினால் விழுந்ததுதான் மிச்சமாகும், விழுந்தது இடுப்பாலா பயத்தாலா என்றும் தெரியாது. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் மேல்விளிம்பில் வைத்து, ஒரு பாதத்தை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் திருப்பிப் பார்த்தால் விடை அங்கேயே கிடைக்கும். பின்பக்கம் துருத்திக்கொண்டு நின்றால் அது உள்விளிம்பு. இடுப்பை முன்தள்ளிச் சுவரைத் தொட வைத்தால் வெளிவிளிம்புக்கு வேண்டிய நிலை எப்படி இருக்கும் என்று தொடைக்குத் தெரியும். பின்னர் அதே நிலையில் கையால் மெல்ல இழுத்துச் சுவரோடு பக்கவாட்டில் நகரலாம். ஒரு காலைப் பின்னால் தூக்கி மறுகாலில் வழுக்கிச் செல்லும் ஸ்பைரலும் இப்படித்தான். பின்னால் தூக்கிய கால் இடுப்புக்கு மேல் போகிறதா, முதுகு வளைந்து நிமிர்கிறதா, தாங்கும் முழங்கால் நேராக இருக்கிறதா என்பதை நின்ற இடத்தில் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும்.

நிறுத்தம் கற்கவும் சுவரை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. ஸ்னோபிளவ் நிறுத்தத்தில் பிளேடைப் பனியில் வெட்டவிடாமல் பக்கவாட்டில் சுரண்ட வேண்டும். எவ்வளவு அழுத்தினால் சுரண்டும், எவ்வளவு சாய்த்தால் வெட்டிக் கவ்வும் என்பதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. சுவரைத் தொட்டபடி நின்று, ஒரு காலை வெளியே தள்ளித் தள்ளிப் பனித்தூள் குவிகிறதா என்று பார்த்தால் பாதத்துக்கே பிடிபடும். தாவி இறங்கும் நிலையும் அங்கே நின்று பழகத் தக்கதே: தாங்கும் முழங்கால் மடிந்து, மறுகால் பின்னே நீண்டு, கைகள் விரிந்த அந்த நிலை உடலில் முன்கூட்டியே பதிந்திருந்தால் தாவலின் முடிவில் அதைத் தேட வேண்டியதில்லை. ஒற்றைக் காலில் முன்பின்னாகத் திரும்பும் த்ரீ டர்ன், வடிவத்துக்கும் சாய்வுக்கும் நடுவில் நிற்கிறது. முன்பாதத்துக்கு அடியில், பிளேடின் எந்த இடத்தில் திருப்பம் நிகழ்கிறது என்பதைச் சுவர் காட்டும். ஆனால் அந்தத் திருப்பத்தைத் தொடங்கிவைப்பவை தோள்கள். சுவரைப் பற்றிய கை தோளைப் பூட்டிவிடுகிறது. பிளேடின் புள்ளி பிடிபட்டதும் சுவரை விட்டு விலகிவிடுவது நல்லது. சுழற்சிக்குச் சுவர் பக்கமே போக வேண்டாம். சுழலும் கையும் காலும் மோதும்.

எதைச் செய்கிறோம் என்பதைப் போலவே எப்படிப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் ஜெக்காவும் ஜேம்ஸ் லேக்னரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வெளிச்சம் தருகிறது. ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம் வைத்து நின்றவர்களை, அருகிலிருந்த கம்பியை ஆள்காட்டி விரல் நுனியால் தொடச் சொன்னார்கள். தொடும் விசை ஒரு நியூட்டனுக்கும் குறைவு, அதாவது சுமார் 100 கிராம் எடையைவிடக் குறைவு; உடலைத் தாங்க அது போதவே போதாது. ஆனாலும் உடலின் ஆட்டம், கம்பியை அழுத்திப் பிடித்தபோது குறைந்த அளவுக்குக் குறைந்தது. விரல் நுனி தாங்கவில்லை. உடல் எந்தப் பக்கம் நகர்கிறது என்ற தகவலைத் தந்தது, திருத்தும் வேலையைக் கால்களே செய்தன. அந்தச் சோதனை தரையில் நடந்தது, பனியில் அல்ல. ஆனாலும் அதிலிருந்து ஸ்கேட்டர் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் தெளிவு: சுவரைத் தகவலுக்காகத் தொட வேண்டும், தாங்கலுக்காகப் பிடிக்கக் கூடாது. பாலே வகுப்பிலும் கம்பியைப் பற்றாமல் கையை அதன்மேல் லேசாக வைக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். கம்பிப் பயிற்சி முடிந்ததும் அரங்கின் நடுவுக்கு வந்துவிடுகிறார்கள். இப்படி லேசாகத் தொட முடிவது சுவரின் உயரத்தையும் பொறுத்தது: ஐஸ் ஹாக்கியும் ஆடும் ரிங்குகளில் சுவர் சுமார் 1.07 மீட்டர் உயரம் இருக்கும், பல இடங்களில் அதற்கு மேல் கண்ணாடியும் உண்டு. பெரியவருக்குச் சுவரின் மேல்விளிம்பு முழங்கை மட்டத்தில் வரும், கையை இயல்பாக வைக்கலாம். சிறு குழந்தைக்கோ முகத்துக்கு நேரே வருகிறது, தொங்கத்தான் முடியும். அவர்களுக்குப் பயிற்சியாளரின் கையே மேல்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு, துணையோடு கற்றது துணை இல்லாதபோது கைவிடும் என்பது. அதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. சல்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய மூவரும் 1984-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பயிற்சியின்போது விளைவைப் பற்றி இடைவிடாமல் கிடைக்கும் பின்னூட்டம் ஒரு துணைபோல அந்த நேரத்தில் செயலை மேம்படுத்தும், அது நீங்கியதும் கற்றது குறைவு என்று தெரியவரும் என்றது. ஆனால் கேப்ரியெல் வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் செய்த சோதனை வேறொன்றைக் காட்டியது. ஊன்றுகோல்களோடு பழகியவர்களுக்கு, பின்னர் கோல் இல்லாமல் செய்தபோதும் பலன் தங்கியது. அவர்களுடைய அசைவு கோலில்லாமல் பழகியவர்களுடையதைவிடச் செம்மையாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, துணை கெடுக்கிறதா வளர்க்கிறதா என்பது அது எதை விட்டுவைக்கிறது என்பதைப் பொறுத்தது. கோல் பிடித்தவர் சரியான அசைவைச் செய்துபார்க்க முடிந்தது, சமநிலையின் வேலையும் அவரிடமே இருந்தது. சுவரைப் பற்றித் தொங்குகிறவரிடம் அந்த வேலை இல்லை. விரல் நுனியால் தொடுகிறவரிடம் இருக்கிறது.

வடிவம்தான் நோக்கம் என்றால் வீட்டுத் தரையிலேயே பழகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. பாதி சரி. இடுப்பைத் திறக்கும் நீட்டல்களுக்கும் ஸ்பைரலின் முதுகு வலுவுக்கும் தரைதான் சிறந்த இடம். ரிங்குக்குக் கொடுத்த காசை அதற்குச் செலவழிப்பது வீண். ஆனால் தரையில் பாதம் முழுவதும் ஊன்றியிருக்கும், ரப்பர் காலணி வழுக்காது, கணுக்கால் தாராளமாக மடியும். பனியில் இறுக்கிக் கட்டிய பூட், அதற்குக் கீழ் முன்னும் பின்னும் வளைந்த பிளேடு. தரையில் எளிதாகத் திரும்பும் பாதம் பூட்டுக்குள் திரும்ப மறுக்கும். தரைக்கும் நடு ரிங்குக்கும் இடையில் ஒரு படி தேவைப்படுகிறது. சுவர் அந்தப் படி. பயத்துக்கு மருந்தாகச் சுவரை நினைப்பவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பயந்தவர் முழங்காலை விறைத்துப் பின்னால் சாய்வார், அந்த நிலையைச் சுவர் காப்பாற்றிக் கொடுக்கும். பயத்துக்கு மருந்து விழவும் எழவும் கற்பதுதான். விழும்போது சுவரை எட்டிப் பிடித்தால் தோளும் மணிக்கட்டும் முறுக்கிக்கொள்ளும். முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் உட்கார்வதுபோல் விழுவதே நல்லது. எழும்போதும் சுவரைத் தேடாமல் மண்டியிட்டு எழப் பழக வேண்டும்.

சுவரோரம் நிற்பதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பனியைச் செப்பனிடும் வண்டியின் கத்தி சுவர் ஓரம்வரை சரியாக எட்டாது; அங்கே பனி மேடு தட்டும், அதைச் சீவத் தனிக் கருவி வைத்திருப்பார்கள். அந்த மேட்டில் பிளேடு நினைத்தபடி போகாது, அதனால் மேட்டைவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. பிளேடின் முன்முனையிலுள்ள டோ பிக் சுவரின் அடிப்பலகையில் இடித்தால் நின்ற இடத்திலேயே கவிழலாம். ஸ்பைரலுக்குத் தூக்கிய கால், பின்னால் வருகிறவரின் முகத்துக்கு நேரே நீளும் கத்தி. பொது நேரத்தில் அதை அங்கே செய்யவே கூடாது. உள்ளே வரும் கதவருகிலும் நிற்க வேண்டாம். புதிதாக வந்தவர்களுக்குச் சுவர் இன்னும் அவசியம், அவர்களுக்கு வழி விடுவதுதான் முறை. கூட்டம் குறைந்த நேரமோ பயிற்சிக்கென ஒதுக்கிய நேரமோதான் இதற்கு ஏற்றது.

சுவரை எப்போது விட வேண்டும் என்பதை மூவைத் தொடங்கும் முன்பே முடிவுசெய்துகொள்வது என் முறை. இரண்டு கைகளோடு வடிவம் சரியாக வந்தால் ஒரு கை. ஒரு கையில் தோள் உயராமல் நின்றால் விரல் நுனி. விரலை எடுத்து மூன்று எண்ணும்வரை வடிவம் குலையாவிட்டால் சுவரின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு செய்யும் ஒவ்வொரு முறையும் வெறும் ஆறுதல். விரலை எடுத்ததும் உடல் சுவர்ப்பக்கம் சரிந்தால் எடையைக் கை சுமந்திருக்கிறது என்று பொருள். ஒரு படி பின்னே போக வேண்டும். எதிர்ப்பக்கம் சரிந்தால் கை இழுத்துக்கொண்டிருந்தது. வடிவம் வந்தபின் மெதுவான நேர் ஓட்டத்தில் அதைச் செய்து, பிறகே வளைவுக்குப் போகலாம். சாய்வைக் கற்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது, அதற்குச் சுவரிடம் எந்த உதவியும் இல்லை. ஒரு மூவ் பல வாரங்களாகச் சுவரோரத்திலேயே தங்கிவிட்டால் கூடுதலாகச் சுவர்ப் பயிற்சி செய்வதில் பயனில்லை. அதன் கடினம் வடிவத்தில் இருக்கிறதா சாய்வில் இருக்கிறதா என்பதை நாம் தவறாகக் கணித்திருக்கிறோம். அதை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்.