அறைக்குள் மிளகாய் நாற்று

தமிழர் உணவில் மிளகாய்க்கு உள்ள இடத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பாருக்கும் இரசத்திற்கும் துவையலுக்கும் அது வேண்டும். தாளிப்பதற்கும் அது வேண்டும். ஆயினும் மிளகாய் நம் நாட்டில் தோன்றிய செடியன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கும் மிளகின் பெயரைச் சேர்த்து மிளகாய் என்று அழைத்தார்கள்.

கடல் கடந்து வந்த ஒரு செடி எப்படி நம் ஊர்ச் செடியாக மாறியது? விதையைப் பெற்றவர்கள் தத்தம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற பருவத்தைக் கண்டறிந்து விதைத்தார்கள்; அதனால் மாறியது. தில்லிக்கு வந்து படிக்கும் நாமும் அதே வேலையைச் சிறிய அளவில் செய்ய வேண்டியவர்களாக இருக்கிறோம். ஊரிலிருந்து விதை கொண்டு வருகிறோம். ஊர் வழக்கப்படியே விதைக்கிறோம். செடி வராவிட்டால் விதை சொத்தை என்கிறோம். விதையைப் பழிப்பதற்கு முன், அதை எந்த நாளில் எந்த இடத்தில் இட்டோம் என்று பார்க்க வேண்டும். விடுதி அறையில் இரண்டு குளிர்காலம் மிளகாய் வளர்த்ததில் நான் கற்றவற்றை நண்பர்கள் பயன் கருதி இங்கே எழுதுகிறேன்.

மே மாதத்திலிருந்து பின்னோக்கி

இராமநாதபுரம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மிளகாய் விதைக்கிறார்கள். அங்கே குளிரால் செடி சாகும் என்ற கவலை கிடையாது. தில்லியின் நிலை வேறு. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 7 அல்லது 8 டிகிரி செல்சியசுக்கு இறங்குகிறது. சில நாள்களில் அதற்கும் கீழே போகிறது. மே மாதப் பகலிலோ 40 டிகிரியைத் தாண்டுகிறது. 'லூ' என்னும் அனல்காற்று வீசுகிறது. மிளகாய்ச் செடிக்கு இவ்விரண்டும் ஆகா. இரவு 15 டிகிரிக்குக் கீழே போனாலும், பகல் 35 டிகிரிக்கு மேலே போனாலும் பூக்கள் பிஞ்சாகாமல் உதிரத் தொடங்கும்.

ஆகவே குளிருக்கும் அனலுக்கும் இடையே மார்ச்சு, ஏப்ரல் ஆகிய இரண்டு மாதங்களே செடிக்கு நல்ல காலமாகக் கிடைக்கின்றன. விதைத்த நாளிலிருந்து முதல் பச்சை மிளகாய் பறிக்கும் வரை ஏறத்தாழ நான்கு மாதம் வேண்டும். மண் சூடேறட்டும் என்று பிப்ரவரி முடியும் வரை காத்திருந்து வெளியே விதைத்தால், பூக்கும் வேளையில் அனல்காற்று வந்துவிடும்.

எனவே கணக்கை மே மாதத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஏப்ரல் இறுதியில் காய் வேண்டுமானால் மார்ச்சுத் தொடக்கத்தில் வளர்ந்த நாற்று தயாராக இருக்க வேண்டும். அதற்கு ஜனவரி முதல் வாரத்தில் விதைக்க வேண்டும். ஜனவரியில் வெளியே விதை முளைக்காது. ஆதலால் அறைக்குள் விதைக்க வேண்டும். அறைக்குள் நாற்று வளர்ப்பதன் பயன் இதுவே: குளிர் நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளும் இரண்டு மாதத்தை நாம் மீட்டுக்கொள்கிறோம்.

எந்த விதை?

முதன்முறை வளர்ப்பவர்கள் குண்டு, சம்பா போன்ற நம் ஊர் வகைகளையோ, தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பூசா ஜுவாலா வகையையோ எடுத்துக்கொள்ளலாம். வடகிழக்கு மாநில நண்பர்கள் பூத் ஜொலோக்கியா விதை தருவதுண்டு. 2007ஆம் ஆண்டில் கின்னஸ் நூலில் உலகின் மிகக் காரமான மிளகாயாக அது இடம் பெற்றது. பின்னர் வேறு வகைகள் அதை மிஞ்சிவிட்டன. இந்த இனம் முளைக்கவும் காய்க்கவும் அதிக நாள் எடுத்துக்கொள்ளும். தில்லியின் குறுகிய பருவத்திற்குள் அது அடங்குவது கடினம். காந்தாரி மிளகாயும் நிதானமாகவே முளைக்கும்.

கடை வற்றலிலிருந்து எடுத்த விதையும் முளைக்கக்கூடும். ஆனால் அந்த வற்றல் வீரிய ஒட்டுச் செடியில் காய்த்ததாக இருந்தால், பிள்ளைச் செடி தாயைப் போல் இராது. நாட்டு வகை விதையே நம்பத் தக்கது.

முதலில் வெப்பம்

விதை முளைப்பதற்கு ஒளி தேவையில்லை, வெப்பம் தேவை. மண்ணின் வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் மிளகாய் விதை ஏறத்தாழ எட்டு நாளில் முளைக்கும். 20 டிகிரியில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று நாள் ஆகும். 15 டிகிரியில் இருபத்தைந்து நாள் ஆகும். 10 டிகிரியில் முளைக்கவே முளைக்காது. இந்தக் கணக்கை நினைவில் வைத்தால் பாதிக் காரியம் முடிந்தது.

சென்ற ஜனவரியில் ஒரே பொட்டலத்திலிருந்து பத்து விதைகளை ஜன்னல் திட்டிலும், பத்து விதைகளை வெதுவெதுப்பான பெட்டியிலும் வைத்துப் பார்த்தேன். பெட்டியில் எட்டாம் நாள் முளை கண்டது. பதினோராம் நாளுக்குள் எட்டு விதைகள் முளைத்துவிட்டன. ஜன்னல் திட்டில் முதல் முளை தலைகாட்ட இருபத்து மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் நான்கு விதைகள் பூசணம் பிடித்து அழுகிவிட்டன. குளிர்ந்த ஈரத்தில் நெடுநாள் கிடக்கும் விதை இப்படித்தான் கெடும்.

வெதுவெதுப்பான பெட்டி என்று நான் சொல்வது, நம் வீடுகளில் இட்லி வைக்கும் ஹாட் பாக்ஸ்தான். விதைகளை ஓரிரவு வெந்நீர் கலந்த இளஞ்சூட்டு நீரில் ஊற வைக்க வேண்டும். மறுநாள் ஈரத் துணியில் பரப்பி மடித்து ஒரு சிறு டப்பாவில் இட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துண்டில் சுற்றி, டப்பாவுடன் ஹாட் பாக்ஸில் வைத்து மூடிவிட வேண்டும். காலையும் இரவும் வெந்நீரை மாற்றினால் போதும். துணி ஈரமாக இருக்க வேண்டும். நீர் சொட்டக் கூடாது. நாள்தோறும் ஒருமுறை திறந்து காற்றுப் படவிட வேண்டும்.

வெண்ணிற வேர் நுனி தெரிந்தவுடன் விதையை மண்ணுக்கு மாற்றலாம். உணவு விடுதியில் கிடைக்கும் காகிதத் தேநீர்க் கோப்பைகளே நாற்றுத் தொட்டிகளாகப் பயன்படும். அடியில் மூன்று துளை இட வேண்டும். தோட்ட மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வைத்து மூடலாம்.

பிறகு ஒளி

முளை மண்ணைவிட்டு மேலே வந்த அன்றே செடியின் தேவை மாறிவிடுகிறது. இனி ஒளியே முதன்மையானது. வெதுவெதுப்பான இருளில் மேலும் இரண்டு நாள் வைத்திருந்தால் தண்டு நூல்போல் நீண்டு சாய்ந்துவிடும். இதற்குக் காரணம் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள். ஒரு பக்கமிருந்து மட்டும் ஒளி வந்தால், ஆக்சின் நிழல் பக்கத்தில் மிகுதியாகச் சேர்கிறது. அந்தப் பக்கம் அதிகமாக நீள்வதால் தண்டு ஒளியை நோக்கி வளைகிறது.

தில்லியில் எந்த ஜன்னல் நல்லது? தெற்கு ஜன்னலே நல்லது. தில்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் இங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். டிசம்பர் 22ஆம் நாள் நண்பகலில் மதுரையில் அடிவானத்திலிருந்து 57 டிகிரி உயரத்தில் நிற்கும் சூரியன், தில்லியில் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. இப்படித் தாழ்ந்து நிற்பதால் குளிர்கால வெயில் தெற்கு ஜன்னல் வழியே அறைக்குள் வெகுதூரம் நுழைகிறது. வடக்கு ஜன்னல் அறைக்காரர்கள் தெற்கு ஜன்னல் அறை நண்பரிடம் நாற்றுகளை ஒப்படைப்பதே நலம்.

மூடுபனியும் புகையும் சூழ்ந்த நாள்களில் தெற்கு ஜன்னலும் போதாது. அப்போது 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்றைச் செடிக்கு மேலே 15 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி, நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் எரியவிடலாம். செடி வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும். காலை ஆறு முதல் இரவு எட்டு வரை எரிந்தால் அறைத்தோழரின் தூக்கமும் கெடாது. செடிக்கும் இரவு கிடைக்கும். இரவில் ஜன்னல் கண்ணாடி அருகே குளிர் மிகும். ஆகவே மாலையில் கோப்பைகளை மேசைக்கு நகர்த்திவிட வேண்டும்.

நாற்றழுகல்

நன்றாக நின்ற நாற்று ஒரே இரவில் அடித்தண்டு கருத்துச் சாய்ந்து கிடப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். இது நாற்றழுகல் நோய். பித்தியம் போன்ற பூசணங்களால் வருவது. வந்தபின் மருந்து தேடுவதைவிட வராமல் காப்பதே வழி. ஒவ்வொரு நாளும் நீர் ஊற்ற வேண்டும் என்ற ஆசையை அடக்க வேண்டும். கோப்பையைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்திருந்தால் மட்டும் ஒரு தட்டில் நீர் ஊற்றி அதில் கால் மணி நேரம் வைத்தால் மண் தனக்கு வேண்டியதை அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மேல்மண் உலர்ந்தே இருப்பதால் பூசணத்திற்கு இடமில்லை. நாற்றுகளை நெருக்கி வைக்காமல் காற்றோடும் இடைவெளியில் வைப்பதும் நல்லது.

வெளியுலகப் பயிற்சி

முதலில் தோன்றும் இரண்டும் வித்திலைகள். அவற்றுக்குப் பின் நான்கு உண்மையிலைகள் வந்ததும் நாற்றைப் பெரிய கோப்பைக்கு மாற்றலாம். மார்ச்சுத் தொடக்கத்தில் அது ஒரு சாண் உயரம் வந்திருக்கும். அப்போது நேரே மொட்டைமாடிக்குக் கொண்டு போகக் கூடாது. அறை ஒளியில் வளர்ந்த இலை நேர்வெயிலில் வெளுத்துக் கருகும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம், பிறகு இளங்காலை வெயில் என்று பத்து நாளில் மெல்லப் பழக்க வேண்டும். அதன்பின் செடிக்கு ஒன்றாக 25 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டியில் நட்டுவிடலாம்.

வெளியே வந்ததும் அசுவினியும் இலைப்பேனும் தேடிவரும். இலை சுருண்டால் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் தொல்லை குறையும்.

பூவும் காரமும்

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். காற்று இல்லாத தாழ்வாரத்தில் செடி இருந்தால், பூத்த கிளையைக் காலையில் விரலால் மெல்லத் தட்டிவிட்டால் போதும்.

காரம் விதையில் இருக்கிறது என்பது பலரது எண்ணம். உண்மையில் காரப்பொருளாகிய காப்சைசின் உண்டாவது, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறச் சதையிலேயே. நம் உடலில் சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டுவதால்தான் மிளகாய் 'எரிகிறது'. இந்த உணர்வின் வாயிலைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளுக்கு இந்த எரிச்சல் தெரியாது. அவை பழத்தைத் தின்று விதையைப் பல இடங்களில் பரப்புகின்றன. காப்சைசின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். விதை எடுத்த கையில் எரிச்சல் கண்டால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பால் கழுவ வேண்டும்.

விதை எடுத்தல்

நான் விதைத்த குண்டு மிளகாய் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் எங்கள் அப்பத்தா கொடுத்தனுப்பியது. அவர் ஒவ்வோர் ஆண்டும் நல்ல பழமாகப் பார்த்து விதைக்கு ஒதுக்குவார். இப்போது எங்கள் வீட்டில் மிளகாய் போடுவார் இல்லை. நிலம் சும்மா கிடக்கிறது. மிளகாய் விதையைச் சாதாரணமாக வீட்டில் வைத்திருந்தால் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் முளைப்புத்திறன் நிற்பதில்லை. பொட்டலத்தைப் பத்திரமாகப் பெட்டியில் பூட்டி வைப்பதால் அந்த வித்து பிழைக்காது, விதைத்தால்தான் பிழைக்கும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பெயரைக் காக்கும். வித்தைக் காப்பது விதைப்பவர் கை.

இதில் அறைக்காரருக்கு ஒரு நன்மையும் உண்டு. வயல்வெளியில் தேனீக்கள் பல வகை மிளகாய்களின் மகரந்தத்தைக் கலந்துவிடுகின்றன. ஒரே வகைச் செடியை மட்டும் தனியாக வளர்ப்பவர், பூக்கும் முன் கிளையை மெல்லிய துணிப்பையால் மூடிக் காய் பிடித்தபின் அவிழ்த்துவிட்டால், கலப்பில்லாத விதை கிடைக்கும். நன்கு சிவந்து சுருங்கத் தொடங்கிய பழத்தைப் பறித்து, விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் இட்டு, பெயரும் ஆண்டும் எழுதி, காற்றுப் புகாத புட்டியில் வைக்க வேண்டும். மே மாத இறுதியில் விடுமுறைக்குப் புறப்படும் முன் இதை முடித்துவிடலாம். செடியை மூன்றில் ஒரு பங்கு உயரத்திற்கு வெட்டி, நிழலில் வைத்து, தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுச் சென்றால், மழைக்குப் பின் அது மீண்டும் தழைக்கவும் கூடும். மிளகாய் பல்லாண்டுச் செடியே.

விடுதியில் தமிழ் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஊர்ப் பொடியோ வற்றலோ இருக்கிறது. வீட்டு விதை ஒரு பிடி யாரிடமெல்லாம் இருக்கிறது? இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கி வாருங்கள். எந்த மாதம் விதைப்பார்கள், எந்தப் பழத்தை ஒதுக்குவார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரும் ஜனவரி முதல் வாரத்தில் பத்து விதையாவது வெதுவெதுப்பில் வையுங்கள். முளைத்தவற்றில் இரண்டை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அடுத்த அறைக்குக் கொடுங்கள். ஒரு செடி பட்டுப்போனாலும் இன்னொருவர் அறையில் வித்து இருக்கும்.