வளைகாப்புக்கு முன்பே பல் வைத்தியம்: எங்கே, எப்போது?

மசக்கை தெளிந்து சாப்பாடு பிடிக்கத் தொடங்கும் நேரத்தில்தான் பல பெண்கள் கவனிக்கிறார்கள்: பல் தேய்த்துத் துப்பினால் எச்சிலோடு ரத்தம். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பல்லுக்கு நடுவே ஈறு சிவந்து, தடித்து நிற்கிறது. கர்ப்பிணிகளில் 60 முதல் 75 சதவீதம் பேருக்கு இந்த ஈறு அழற்சி வருவதாகக் கணக்கு. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதால் வருவதல்ல இது. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஏறும்போது, பல்லடியில் படிந்த அழுக்குக்கு ஈறு வழக்கத்தைவிட வேகமாக வீங்குகிறது.

“பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்த்துக்கலாம்” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அக்கறையில் சொல்வதுதான்; ஆனாலும் இருக்கும் வழிகளில் மோசமானது அதுவே. பச்சைக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போக யாருக்கு நேரம் கிடைக்கும்?

வசதியான காலம் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை. வாந்தி அடங்கியிருக்கும், நாற்காலியில் சாய்ந்து படுக்கவும் சிரமமிராது. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போய்விட்டால் மருத்துவரும் மாறிவிடுவார். ஆனால் வலி, சீழ், முகவீக்கம் என்றால் மாதக் கணக்கு பார்க்கக் கூடாது. எந்த மாதத்திலும் வைத்தியம் செய்யலாம். மரத்துப்போக ஊசி, ஈயக் கவசத்தோடு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் பல் பிடுங்குவது எல்லாமே செய்யக்கூடியவைதான்.

அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு 2006ல் வெளியானது. ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்ததால் தாய்க்கோ சேய்க்கோ கெடுதல் இல்லை, ஈறும் தேறியது. ஆனால் குறைப்பிரசவம் குறையவில்லை. ஆகவே, பல் சுத்தம் செய்தால் குறைப்பிரசவத்தைத் தடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈறைக் காப்பாற்றுவதே போதுமான காரணம்.

எங்கே போவது? கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை பக்கம். கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே பல்லையும் காட்டிவிடலாம். ரத்தக் கசிவோடு பல் ஆட்டம், சீழ், ஈறில் சதைக்கட்டி என்று இருந்தால் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர் போவதே மேல். 1980ல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசுக் கல்லூரியாக இருக்கும் இடம் அது. ஈறு நோய்க்கென்றே தனித்துறை உண்டு. புவனகிரி, பரங்கிப்பேட்டைப் பெண்களுக்கும் சிதம்பரம் பஸ்தான். காத்திருக்க வேண்டியிருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது. காத்திருக்க முடியாதவர்கள் தனியார் கிளினிக்குக்குப் போகலாம். செலவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். டாக்ஸிசைக்ளின் பிள்ளையின் பல்லைக் கறையாக்கலாம். ஐபுபுரூஃபன் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

வீட்டில் மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், தினம் இரண்டு வேளை. கரித்தூளும் செங்கல் பொடியும் பல்லைத் தேய்த்துவிடும். வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காமல், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்து, அரைமணி கழித்துத் தேய்க்கலாம்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, ஈறில் ரத்தம் வருவதைச் செவிலியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பல் மருத்துவரிடம் தாய்சேய் அட்டையைக் காட்டி, எத்தனையாவது மாதம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.